மார்க்கா, நுழைவுத் தேர்வா? நம் பிள்ளைகளை எந்தத் தராசில் நிறுப்பது?

உரலுக்கு ஒரு பக்கம் இடி; மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் நிலை மத்தளத்தின் நிலைதான்.

ஊரில் இருக்கும் மாமன் மகன், பிளஸ்-2 மார்க்கைக் கொண்டே என்ஜினீயரிங் கல்லூரியில் சேருகிறான். தாராவியில் படித்த நம் பையன் அதே அளவு மார்க் வாங்கினாலும், "சி.இ.டி.யில் எத்தனை?" என்று கேட்கிறார்கள். டாக்டர் படிப்பு என்றாலோ, இருவருடைய மார்க்கும் செல்லாது. "நீட்" ஒன்றுதான் பேசும்.

பிள்ளை ஒன்று, உழைப்பும் ஒன்று. ஆனால் மாநிலத்துக்கு ஒரு தராசு, படிப்புக்கு ஒரு தராசு. இவற்றில் எது நியாயமான தராசு? இது படித்த பெரியவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போகிற விஷயம் அல்ல. தோல் பட்டறையிலும், இட்லி வியாபாரத்திலும், அலுவலகத்தில் குமாஸ்தாவாகவும் சம்பாதித்த காசை எதில் போடுவது, பிள்ளையை எந்த ஊரில் படிக்க வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற விஷயம். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு கட்சி வாதம்

மார்க்தான் வேண்டும் என்பவர்கள் சொல்வது இது: "பள்ளியில் ஆண்டுக்கணக்கில் படித்த படிப்புக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? மூன்று மணி நேரத் தேர்வில், அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் போயிற்று. அந்தத் தேர்வுக்கும் தனியாகக் கிளாஸ் போக வேண்டும். பணம் உள்ளவன் போவான். இல்லாதவன் என்ன செய்வான்?"

நுழைவுத் தேர்வுதான் வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. "மாநில போர்டு ஒன்று, சி.பி.எஸ்.இ. ஒன்று, ஐ.சி.எஸ்.இ. ஒன்று. ஒரு போர்டு அள்ளிக் கொடுக்கிறது. இன்னொன்று கிள்ளிக் கொடுக்கிறது. கையால் அளந்த முழத்தையும் கடைக்காரன் கஜக் கோலையும் ஒன்றாக்க முடியுமா? எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்தால்தான் யார் கெட்டிக்காரன் என்று தெரியும்" என்கிறார்கள்.

இரண்டு வாதங்களும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதை நாம் வாழும் மராட்டியமும் நம் தாய் மாநிலமும் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன.

மராட்டியத்தில் நடந்த மல்லுக்கட்டு

மும்பையில் பத்தாம் வகுப்பு முடிந்ததும், ஜூனியர் கல்லூரி என்னும் 11-ம் வகுப்புக்குப் போட்டி ஆரம்பமாகிவிடும். ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகள் அதிக மார்க்குடன் வந்து நல்ல கல்லூரிகளின் இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள், எஸ்.எஸ்.சி. பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று ஒரு குறை எழுந்தது.

அதைச் சரிக்கட்ட மராட்டிய அரசு 2008-ம் ஆண்டு "பர்சென்டைல்" முறையைக் கொண்டுவந்தது. பர்சென்டைல் என்பது மார்க் அல்ல. வரிசையில் நமக்குள்ள இடம். 90 பர்சென்டைல் என்றால், தேர்வு எழுதிய 100 பேரில் சுமார் 90 பேருக்கு முன்னால் நிற்கிறோம் என்று பொருள். மும்பை ஐகோர்ட்டு இதை ரத்து செய்தது. 2009-ல், 100 இடங்களில் 90 இடங்கள் எஸ்.எஸ்.சி. மாணவர்களுக்கே என்று அரசு அறிவித்தது. அதையும் ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2010-ல், அதிக மார்க் வாங்கிய 5 பாடங்களை மட்டும் கணக்கில் எடுக்கும் முறை வந்தது. ஐகோர்ட்டு அதையும் தள்ளியது; ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது.

அடுத்து 2021-ம் ஆண்டு. கொரோனா காரணமாக எஸ்.எஸ்.சி. பரீட்சையே நடக்கவில்லை. 9-ம் வகுப்பு மார்க்கையும் பள்ளியின் உள் மதிப்பீட்டையும் கொண்டு முடிவு வெளியிட்டார்கள். 100-க்கு 99.95 பேர் தேர்ச்சி! இத்தனை பேரை எப்படித் தரம் பிரிப்பது? 11-ம் வகுப்புக்கு 100 மார்க்கில் ஒரு நுழைவுத் தேர்வு என்று அரசு அறிவித்தது. பாடத்திட்டம் எஸ்.எஸ்.சி. பாடத்திட்டம். ஐ.சி.எஸ்.இ. மாணவி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். ஆகஸ்டு 10-ந் தேதி ஐகோர்ட்டு அந்தத் தேர்வையே ரத்து செய்துவிட்டது.

இந்த வழக்கை நாம் கவனிக்க வேண்டும். ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஆனால் தாங்கள் படிக்காத புத்தகத்தில் தேர்வு என்றதும் அவர்களும் கலங்கிவிட்டார்கள். நீட் தேர்வு வந்தபோது ஏழைத் தமிழ்ப் பிள்ளை சொன்ன குறையும் இதேதான்.

தமிழ்நாடு கண்ட அனுபவம்

தமிழ்நாட்டில் 1984-85 கல்வி ஆண்டில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தொழிற் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ்-2 பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300 என்ற கணக்கு பலருக்கு இன்னும் நினைவிருக்கும். கிராமத்துப் பிள்ளைகள் இதில் பின்தங்குகிறார்கள் என்ற குரல் வலுத்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். சட்டம் இயற்றி, 2007-08 கல்வி ஆண்டு முதல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 என்ற கட்-ஆப் கணக்கே என்ஜினீயரிங்குக்கு இன்றும் நடக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? அதுவும் இல்லை. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பெயர் பெற்றன. 11-ம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 12-ம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தார்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் அங்கே ஓடினார்கள். மார்க் மழையாகக் கொட்டியது; அடிப்படை காய்ந்து போயிற்று. இதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் 11-ம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். தேர்வு என்றால் தேர்வுக்குக் கிளாஸ், மார்க் என்றால் மார்க்குக்குக் கிளாஸ். பணம் எந்தத் தராசையும் தேடிப் போய் ஒரு தட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

மருத்துவப் படிப்பில் 2017 முதல் தமிழ்நாட்டுக்கும் நீட் கட்டாயமாயிற்று. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ்-2 தேர்வில் 1,200-க்கு 1,176 வாங்கியவர். நீட் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 720-க்கு 86. சுப்ரீம் கோர்ட்டு வரை போராடிய அந்தப் பெண், அந்த ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி உயிரிழந்தபோது தமிழ்நாடே கலங்கியது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையிலான குழு 2021-ல் நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்தது. நீட் வருவதற்கு முன்பு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் தமிழ்வழியில் படித்தவர்கள். பிறகு அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. மீண்டும் மீண்டும் எழுதி இடம் பிடித்தவர்கள் 100-க்கு 12 பேராக இருந்தது, 71 ஆக உயர்ந்தது. ஒரு வருடம் சம்பாத்தியம் இல்லாமல், கிளாசுக்கும் பணம் கட்டி, மறுபடி எழுதக் கூலித் தொழிலாளியின் வீட்டில் முடியுமா?

விலக்குக் கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021-லும் 2022-லும் மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கே உரியது. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை அவர்களைவிட ஏழையாக இருந்தாலும் அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது.

அமெரிக்காவிலும் இதே தகராறு

இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் "சாட்" என்னும் தேர்வு 1926 முதல் நடக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்று கூறி, கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டது. புகழ்பெற்ற எம்.ஐ.டி. நிறுவனமோ, கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்த அதே தேர்வை 2022-ல் திரும்பக் கொண்டுவந்தது. "உயர்ந்த பாடங்கள் சொல்லித் தராத சாதாரணப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளையை அடையாளம் காண இந்தத் தேர்வு உதவுகிறது" என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆக, தேர்வு என்றாலே ஏழைக்கு எதிரி என்று முடிவு கட்டிவிட முடியாது.

அப்படியானால் கோளாறு எங்கே?

கோளாறு தேர்விலும் இல்லை, மார்க்கிலும் இல்லை. தராசு பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை தூரம் விலகிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. பள்ளியில் கொடுத்த புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் எழுதலாம் என்ற நிலை இருந்தால், ஏழைப் பிள்ளைக்கு எந்தத் தேர்வும் பயம் இல்லை. பள்ளிப் புத்தகம் ஒன்று, தேர்வு கேட்பது வேறொன்று என்றால், அந்த இடைவெளியில்தான் கிளாஸ் கடை போடுகிறது. இடைவெளி அகல அகலக் கட்டணமும் ஏறுகிறது.

இந்த அளவுகோலை வைத்து மராட்டியத்தின் சி.இ.டி.யைப் பாருங்கள். மாநில போர்டு பாடத்தையொட்டிய தேர்வு அது. 11-ம் வகுப்பிலிருந்து 20 சதவீதம், 12-ம் வகுப்பிலிருந்து 80 சதவீதம் என்ற கணக்கில் கேள்விகள் வருகின்றன. மொத்தம் 150 கேள்வி, 200 மார்க். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. தாராவியின் பத்துக்குப் பத்து கோளியில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைக் கரைத்துக் குடிக்கிற பிள்ளைக்கு, நீட்டையும் ஜே.இ.இ.யையும்விட இது எட்டக்கூடிய கொம்பு. தாராவிக்குக் கூப்பிடு தூரத்தில், மாட்டுங்காவில் இருக்கும் 1887-ல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. கல்லூரியின் கதவும் பெரும்பாலும் இந்தச் சாவியால்தான் திறக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு பெரிய ஓட்டை. எச்.எஸ்.சி. மார்க்குக்கு இங்கே மதிப்பே இல்லை. பொதுப் பிரிவில் 45 சதவீதம் இருந்தால் தகுதி. அதற்கு மேல் வாங்கினாலும் வரிசையில் முன்னேற முடியாது. விளைவு என்ன? ஜூனியர் கல்லூரியில் பெயர் மட்டும் இருக்கிறது. பிள்ளை இருப்பது கிளாசில். இந்தக் கூத்தைத் தடுக்க 2018-ல் மராட்டிய அரசு அறிவியல் ஜூனியர் கல்லூரிகளில் விரல்ரேகை வருகைப் பதிவுக்கே உத்தரவிட வேண்டி வந்தது. கல்லூரியில் பாடம் நடக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு? லட்சக்கணக்கில் கிளாசுக்குக் கட்டியவனுக்கு அல்ல. கல்லூரிப் பாடத்தை மட்டுமே நம்பிய நம் பிள்ளைக்குத்தான்.

2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மராட்டியம் எச்.எஸ்.சி. மார்க்குக்குப் பாதி, ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குப் பாதி என்று வைத்துப் பார்த்தது. ஆனால் ஜே.இ.இ. மாநிலப் பாடப்புத்தகத்தை ஒட்டியது அல்ல. 2016-ல் பழையபடி சி.இ.டி.க்கே திரும்பினார்கள். பக்கத்து மாநிலமான கர்நாடகம், என்ஜினீயரிங்குக்குத் தன் மாநிலத் தேர்வுக்குப் பாதி, 12-ம் வகுப்பு மார்க்குக்குப் பாதி என்று கணக்கிடுகிறது. மராட்டியமும் தன் சி.இ.டி.யுடன் எச்.எஸ்.சி. மார்க்கையும் சேர்த்தால், பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்புவார்கள். கேரளமும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனால் 2025-ல் அங்கே தேர்வு முடிந்த பிறகு மார்க்கைச் சமன் செய்யும் கணக்கை மாற்றியதால், ஐகோர்ட்டு தரவரிசையையே ரத்து செய்தது. ஆகவே எந்த முறையானாலும் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நமக்கென்று உள்ள தனிச் சிக்கல்

தராசு எதுவானாலும், தட்டில் ஏறுவதற்கே நம்மிடம் சில காகிதங்கள் கேட்கிறார்கள். பலர் தவறி விழுவது இங்கேதான்.

மராட்டியத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொதுவாக 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு இரண்டையும் இங்கேயே தேறியிருக்க வேண்டும். டொமிசைல் சான்றிதழும் வேண்டும். "இங்கே செலவு அதிகம், பாட்டி வீட்டில் இருந்து படிக்கட்டும்" என்று 11-ம் வகுப்புக்கு ஊருக்கு அனுப்புகிற பெற்றோர், மராட்டிய மருத்துவக் கல்லூரியில் மாநில இடத்தை அன்றைக்கே இழக்கிறார்கள். அனுப்பக் கூடாது என்பதல்ல. தெரிந்து அனுப்ப வேண்டும்.

சாதிச் சான்றிதழ் இன்னொன்று. தாழ்த்தப்பட்டோர் சலுகை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மராட்டியத்தில் அந்தச் சலுகை பெற, குடும்பம் 1950 ஆகஸ்டு 10-ந் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அதற்குப் பிறகு வந்த குடும்பத்தின் பிள்ளை, இங்கேயே பிறந்திருந்தாலும், மாநில இடங்களுக்குப் பொது வரிசையில்தான் நிற்க வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பூர்வீக மாநிலத்தை வைத்துச் சலுகை கேட்க வழி உண்டு.

தமிழ்நாட்டில் சேர நினைப்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. பூர்வீகம் தமிழ்நாடு என்றால், வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழுடன் என்ஜினீயரிங்குக்கு விண்ணப்பிக்கலாம். வேறு போர்டு மார்க்கைச் சமன் செய்வதற்கும் சட்டத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். உதாரணமாக, தமிழ்நாடு போர்டில் இயற்பியலில் முதல் மார்க் 100, மற்ற போர்டில் முதல் மார்க் 90 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 100 என்றே கருதப்படும். அந்த மற்ற போர்டில் 60 வாங்கிய பிள்ளைக்கு 66.66 என்று கணக்காகும்.

மூன்றாவதாக, மொழிச் சிறுபான்மை உரிமை. மாநிலத்தை அடிப்படையாக வைத்தே மொழிச் சிறுபான்மையைத் தீர்மானிக்க வேண்டும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே மராட்டியத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர். தமிழ்ச் சிறுபான்மைத் தகுதி பெற்ற கல்லூரிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு இடம் உண்டு. பள்ளி லீவிங் சர்டிபிகேட்டில் தாய்மொழி "தமிழ்" என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

"அண்ணாச்சி, பையன் எச்.எஸ்.சி.யில 86 வாங்கிட்டாம்லா, இனி என்ன கவலை?" என்று 90 அடி சாலையில் ஒருவர் சந்தோஷமாகச் சொல்கிறார். "ரொம்ப நல்லது தம்பி. சி.இ.டி. எழுதினானா?" என்று அண்ணாச்சி கேட்டால் முகம் வாடிவிடுகிறது. விண்ணப்பத் தேதி எப்போதோ முடிந்திருக்கும். பிள்ளை 11-ம் வகுப்பில் சேரும்போதே, எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கலை, அறிவியல், வணிகப் பட்டப் படிப்புகளுக்கு மும்பைக் கல்லூரிகளில் இன்றும் பெரும்பாலும் எச்.எஸ்.சி. மார்க்தான் பேசுகிறது. ஆனால் பி.எம்.எஸ்., பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளுக்கு 2024 முதல் சி.இ.டி. வந்துவிட்டது. பல கல்லூரிகள் படிப்பின் பெயரையே மாற்றி அதிலிருந்து விலகிக்கொண்டன. எனவே கல்லூரியில் நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்வதே உத்தமம்.

கிளாசுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு சோதனை செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் உள்ள கேள்விகளைப் பிள்ளை தானாகவே போடுகிறானா? பழைய சி.இ.டி. கேள்விகளை நேரம் வைத்து எழுதிப் பார்த்தானா? இவை இரண்டும் முடியாமல் கிளாசுக்கு அனுப்புவது, அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவது போல.

மாட்டுங்காவில் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய நம் முன்னோர்கள், கல்வி இல்லாமல் இந்த நகரத்தில் தலை நிமிர முடியாது என்று அறிந்தவர்கள். தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்று தமிழர் அமைப்புகள் பல இருக்கின்றன. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற இடத்தில், மாலை வேளையில் நாலு பெஞ்சு போட்டு விளக்கேற்றிக் கொடுத்தால் போதும். கல்லூரியில் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

தராசை மாற்றச் சொல்லி அரசிடம் கேட்க வேண்டியதுதான். அதற்குள் இந்த ஆண்டுப் பிள்ளைகள் தட்டில் ஏறிவிடுவார்கள். அவர்கள் கையில் பாடப்புத்தகமும், பையில் சரியான காகிதங்களும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.